கதவின் உள்பக்கம்

சொல்லுக்கு மூன்று ரூபாய்.
‘காசநோய்’ ஒரு சொல்லா இரண்டா என்று
லோயர் பரேலில் கணக்குப் பிரிவு கேட்டது.
ஒன்று என்றேன்.
நேர்மை, மூன்று ரூபாய் நட்டம்.

இந்தியிலிருந்து வந்த வரியில் போர் இருந்தது:
எதிரி, ஆயுதம், வெற்றி, உயர்த்திய முஷ்டி.
தமிழாக்கி எடுத்துக்கொண்டு
தாராவி தொண்ணூறடிச் சாலைக்குப் போனேன்,
இலக்குக் குழுவிடம் காட்டிப் பார்க்க.

இலக்குக் குழு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தது.
பெயர் இசக்கியம்மாள்.
அச்சில் இருந்த மாவு தீர்ந்தபின்தான் நிமிர்ந்தாள்.
“இதுல யாரு யாருகூட சண்டை போடுதாங்க?”

மண்டையோடு போட்ட வரைவைப் பார்த்துத்
தோல் பட்டறைப் பால்துரை சிரித்தார்.
“இதுக்கா பயப்படணும்?
பத்தாந் தேதி வாடகைக்கு வாரவன் படத்தப் போடுங்க.”
சிரிப்பு இருமலாகி
இருமல் நெடுநேரமாகி
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள,
நான் காகிதங்களை அடுக்குவதுபோல் இருந்தேன்.
‘இருமும்போது வாயை மூடவும்’
மேலாக வந்தது.

‘மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ என்று எழுதியிருந்தேன்.
ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கவில்லை.
சொன்னது இசக்கியம்மாள்தான்,
எண்ணெய்ச் சத்தத்துக்கு அடியில், தணிந்த குரலில்:
“எங்க வீட்டு ஆளு ரெண்டாம் நாளே நிப்பாட்டிட்டாரு.
ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போயிருக்கு.
ரத்தம்னு நெனச்சிட்டாரு.
எங்கிட்டகூடச் சொல்லல.
அந்தக் கதவுக்கு உள்ள ஒத்தையில நின்னு
பயந்திருக்காரு.”
இப்போது எப்படி இருக்கிறார் என்றேன்.
அவள் முறுக்கைத் திருப்பிப் போட்டாள்.

சயான் நிலையத்தில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு எழுதினேன்.
‘சிறுநீர்’ என்று தொடங்கி அடித்தேன்.
இந்தச் சாலையில் யாரும் சிறுநீர் போவதில்லை.

*ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகும்.
அது ரத்தம் இல்லை, மாத்திரையின் சாயம்.
நிறுத்தாதீங்க.*

தேவ்யானி மேடம் இரண்டு முறை படித்தார்.
‘மருந்து வேலை செய்கிறது’ என்று மாற்றினால்
இன்னும் தூக்கலாக இருக்குமே?
இருக்கும்.
ஆனால் சாயம் சாயம்தான்.
வேலை செய்கிறதா என்பதைச் சளிப் பரிசோதனை சொல்ல வேண்டும்.
ஒரு பொய்யை நம்பி விழுங்குகிறவர்
அது வெளுக்கும் நாளில்
மெய்யையும் சேர்த்துத் துப்பிவிடுவார்.
இதை நான் அங்கே இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை.
“அது சாயம் மேடம்” என்று
மூன்று தடவை சொன்னேன், அவ்வளவுதான்.

மாநகராட்சியிலிருந்து வந்தவருக்கு வேறு கவலை:
உறுப்பினர் படத்துக்குக் கீழே மூத்திரமா?

அதுதான் வழி திறந்தது.
படம் இல்லையென்றால் சுவர் இல்லை.
சுவர் இல்லையென்றால் கதவு.
கட்டணக் கழிப்பறை, பதினாறு கதவுகள், உள்பக்கம்,
நிற்பவர் கண்ணுக்கு ஒன்று
குந்துபவர் கண்ணுக்கு ஒன்று.
வெளியீட்டு விழாவுக்கு யாரும் வரவில்லை.
சாவி வைத்திருக்கும் போவ்டே மட்டும்
பசை வாளியைப் பிடித்துக்கொண்டார்,
மூக்கைச் சுளித்தபடி, பசைக்காக.

மூன்று வாரம் கழித்து
அறிக்கைக்கு எண்கள் வேண்டுமென்று போனேன்.
ஒன்பதாம் கதவில், என் வரிக்குக் கீழே,
பால்பாயிண்ட் பேனாவில் யாரோ:
“எனக்கும்தான். இன்னிக்கு 19.”
அதற்குக் கீழே வேறொரு கை, வெறும் எண்: 41.
அதற்கும் கீழே கரியால், கோபமாக:
“கொழாய்ல தண்ணி வரல.
மொதல்ல அத எழுதுங்கடா.”

கருத்துத் தெரிவித்தோர் மூவர் என்று
எழுதி அனுப்பினேன்.
மூன்றாமவரும் இலக்குக் குழுவில் சேர்த்தியா என்று
கேட்டிருக்கிறார்கள்.