இரண்டு நிமிடம்

தார்த்து நகரத்து ஆறு உறைந்து
மூன்று வாரம்.
பனிச்சாலையில் எழுபது கிலோமீட்டர் வந்த பெட்டியைத் திறக்கிறாள் லீவிகா.
நாற்பத்தோராம் குழாய். பெயர் இல்லை, கோடுகள் மட்டும்.
அரை மில்லிலிட்டர்.
சிவப்பை அங்கேயே கழித்துவிட்டார்கள்,
வந்திருப்பது வெளிர்மஞ்சள்.

வோரு மருத்துவமனைக் கருவி
ஒன்றுமில்லை என்கிறது.
நெஞ்சைப் பிடித்திருப்பவர்
இருக்கிறது என்கிறார்.

இதயத்தசை கிழிந்தால் கசியும் ஒரு புரதம்.
கடலில் கரைத்த பெருங்காயம்.
அதைத் திரும்பக் கட்டியாக்கித் தா என்கிறார்
தொலைபேசியில் மருத்துவர்.

கழித்த சிவப்பிலும் இரும்பு இருந்தது.
மூச்சைச் சுமக்கும் வேலையில் மூழ்கி
காந்தத்தை ஏறிட்டும் பார்க்காத இரும்பு.
ஆகவே இவள் சேர்ப்பது வேறு:
துருவுக்கு ஒன்றுவிட்ட தங்கை,
கண்ணுக்குத் தெரியாத பொடி,
துகளுக்குத் துகள் ஒட்டவைத்த கைகள்.
தேடுகிற ஒன்றைத் தவிர
வேறெதையும் தொடாத கைகள்.
இரும்பு பிடித்த கை சும்மா இராது என்பார்கள்.
இங்கே இரும்புக்கே கை முளைத்திருக்கிறது.

அரைமணி நேரம் சுழலவிட்டு
காந்தத்தை ஓரமாய் வைக்கிறாள்.
இரண்டு நிமிடம்.
குழாய்ச் சுவரில்
பழுப்பாய் ஒரு தேமல் படர்கிறது.

மீதியை உறிஞ்சும்போதுதான்
கதவைத் தட்டி ஊர்மாஸ், "காப்பி?" என்றான்.
திரும்பினாள்.
முனை தேமலில் பட்டு
பழுப்பு இழை ஒன்று மேலே ஏறிவிட்டது.

குராத், என்றாள்.
அவர்கள் மொழியில் அது பிசாசு.
இன்னொரு அரை மில்லிலிட்டர் கிடையாது.

எல்லாவற்றையும் திரும்பக் குழாயிலேயே விட்டாள்.
காந்தத்தை எடுத்தாள்.
தேமல் கலைந்தது.
ஆணியென்றால் ஞாபகம் வைத்திருக்கும்,
தையல் கத்தரி வருடக்கணக்கில் ஊசியை இழுக்கும்.
இவ்வளவு சிறியவற்றுக்கு அது முடியாது.
விலக்கிய கணமே
முன்பின் தெரியாத கூட்டம்.

மறந்ததெல்லாம் காந்தத்தை.
பிடித்ததை அல்ல.

மறுபடி காந்தம்.
சுவர்க்கடிகாரத்தைப் பார்க்காமல்
தன் நாடியை வைத்து எண்ணினாள்,
அது வேகமாக ஓடியதால்
நிமிடத்துக்கு முன்பே நிமிடம் முடிந்துவிட,
மறுபடி எண்ணினாள்.

வந்தது.
அதே இடத்தில், அதே பழுப்பு.

மூன்று முறை கழுவல். பிறகு புளிப்பில் ஒரு சொட்டு,
கைகள் தளர்கின்றன.

மஞ்சள் தொட்டிக்குப் போகிறது மீதி:
அவர் நேற்றுத் தின்ற கம்பு ரொட்டி,
போட்டதாகச் சொல்லாத தூக்க மாத்திரை,
பயத்தில் சுரந்தது எதுவோ,
யாரும் கேட்காத அவர்.

காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.
லீவிகா தொலைபேசியில் எண்ணைச் சொல்கிறாள்,
இலக்கம் இலக்கமாக, இரண்டு முறை.
மறுமுனையில்
பேனா ஓடும் சத்தம்.
பிறகு
யாரோ ஓடும் சத்தம்.