ஆறு நட்சத்திரம்

ஐந்துதான் உச்சம் என்று நாங்களே வைத்த செயலியில்
ஆறு வாங்கிய ஒரே கடை
குயின் தெருவில் இருக்கிறது.

மரகதவல்லி 
தேங்காய் போட்டது, மாங்காய் போட்டது,
நாலு வெள்ளி.

புகார் எழுதியிருந்தார்:
நான் விற்பது  தான் ஐயா,
வெள்ளிக்கிழமை கோயில் வாசலில்
 இல்லாமல் ஆகுமா?

மறைத்த பிறகுதான் அது ஆபாசமாக இருந்தது.

பாயான் லெப்பாஸ், ஏழாவது மாடி.
ஹொக்கியன் வசவுகளை சூ லிங் பார்த்துக்கொள்கிறாள்,
மலாய், தமிழ் இரண்டும் என் பொறுப்பு.
வீட்டில் சொன்னால் வாயில் அடி விழும் சொற்களை
அகர வரிசையில் அடுக்கிச் சம்பளம் வாங்குகிறேன்.

ரோமன் எழுத்தில் அந்த ஆறும் சேர்ந்தால்
மலாயில் வேசி.
கடலை அவிக்கிற பெண்ணுக்கு அது தெரியும்.
நிரலுக்குத்தான் கடலை தெரியாது.

விதிவிலக்கில் சேர்த்தேன். காலை பத்தேகால்.

அடுத்த வரிசையில் இன்னொரு ஆறெழுத்து.
கெலிங்.

போன வருஷம் இதைத் தடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததே நான்தான்.
காரணம் என்ற கட்டத்தில்
பள்ளி பஸ்ஸின் பின் சீட்டை எழுத முடியவில்லை,
"இழிசொல்" என்று மட்டும் போட்டேன்.
தடுத்த அன்றே முந்நூறு பார்சல் வழிதவறின.
கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவுக்கு
முகவரியே இல்லாமல் போயிற்று.

கலிங்கக் கரையிலிருந்து வந்தவர்
என்பதுதான் முதல் பொருளாம்.
தெருப்பலகையில் அது இன்னும் மரியாதையாகத்தான் நிற்கிறது.

அனுமதி.
நானே டிக் போட்டேன்.

சாயங்காலம், சரிபார்க்கிற சாக்கில்,
மாங்காய் போட்டது ஒன்று வரவழைத்தேன்.
ஓட்டுநரிடமிருந்து மலாயில் ஒரு வரி.
தமிழில் சொன்னால்:
வந்தாச்சு கெலிங் இறங்கி வா

எங்கும் கால்புள்ளி இல்லை.

தெருவைச் சொல்கிறானோ.
சொல்லலாம். வரைபடத்தை
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன்.
அந்தத் தெரு வடக்கே, பத்து மைலுக்கு அப்பால்.
நீலப் புள்ளி நின்றது
எங்கள் கட்டடத்து வாசலில்.

பொட்டலம் சூடாகத்தான் இருந்தது.
ரசீதில் சுண்டல் என்று முழுசாக.

எத்தனை நட்சத்திரம் என்று
கேட்டுக்கொண்டே இருக்கிறது செயலி.