எல்லாம் ஒன்று

"பஸ் பழுது" என்று நான் போனில் சொன்னது
வாசல் காவலர் மரியதாசனுக்குக் கேட்டுவிட்டது.
"எந்த பஸ் தங்கச்சி? கந்தளாய் பஸ்ஸா?"
இல்லை அண்ணை,
இது பெட்டிக்குள் ஓடுவது.
நினைவகத்துக்கும் வட்டுக்கும் நடுவே
நாலு விரற்கிடை தூரம்.
ஆட்கள் ஏறுவதில்லை.
ஏறுவதெல்லாம் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியின் இரத்தம்:
சீனி, உப்பு, ஹீமோகுளோபின்.

செவ்வாய்க்கிழமை ஏறிய ஒன்று இறங்கவில்லை.
மூதூர் ஜெஸீலா உம்மாவின் பொட்டாசியம்.
ஆய்வுகூடத்து ருமைஸா இரண்டு தரம் தட்டியிருக்கிறாள்.
திரை இரண்டு தரமும் "பதியப்பட்டது" என்றது.
வட்டில் தேடினேன்.
அந்த இடத்தில் பழைய பூச்சியங்கள்
கலையாமல் கிடந்தன.

எனக்கு முன்னிருந்தவர் எழுதிய ட்ரைவரைத் திறந்தேன்.
பஸ் பிழை வந்தால் என்ன செய்வதென்று
பதினோராயிரம் வரிக்குள் ஒரேயொரு வரி:
கொடியை இறக்கு, மேலே போ.
பக்கத்தில் ஒரு குறிப்பு, "இது நடக்காது."
குளிரூட்டிய அறையொன்றில் இருந்து எழுதியவர்.
உப்புக்காற்று யன்னலால் வந்து
பொன்முலாம் பூசிய ஊசிகளில்
பச்சையாய்ப் பூப்பதை
அவர் கண்டிருக்க மாட்டார்.

இரவு பத்துக்குப் பிறகு எழுதத் தொடங்கினேன்.

பிழை வந்தால் முதலில் நில்.
புதிதாய் எதையும் வாங்காதே.
நடுவழியில் நிற்கும் முப்பத்தொரு கட்டளைகளையும்
ஒவ்வொன்றாய் எண்ணி வை.
பிறகு கட்டுப்படுத்தியைக் கேள், எப்படி இருக்கிறாய் என்று.
கொஞ்சம் ஒன்று, கொஞ்சம் பூச்சியம் வந்தால்
உயிர் இருக்கிறது.
முப்பத்திரண்டும் ஒன்றென்று வந்தால்
சந்தோசப்படாதே.
எல்லாவற்றுக்கும் ஆம் என்று வருகிற பதில்
அங்கே ஆளில்லை என்பதற்கு அடையாளம்.

இந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.
தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

மீளத் தொடக்கு. காத்திரு.
மறுபடி அனுப்பு, மூன்று தரம்.
அதற்கு மேல் வீம்பு வேண்டாம்.
"எழுத முடியவில்லை" என்று
மேலே சொல், சத்தமாய்ச் சொல்.
ருமைஸாவின் திரை சிவக்கட்டும்.
அவள் என்னைத் திட்டட்டும்.
திட்டிக்கொண்டே பேனையை எடுத்துக் கொப்பியில் எழுதட்டும்.

சோதிக்கவும் வேண்டுமே.
ஓடிக்கொண்டிருக்கும்போதே
அட்டையைப் பெருவிரலால் நெம்பினேன்.
முதல் தரம் எல்லாம் உறைந்தது,
பூட்டொன்றைத் திறந்துவிட மறந்திருந்தேன்.
இரண்டாம் தரம்
முப்பத்தொன்றில் முப்பது திரும்பி வந்தன.
மற்றது எங்கேயென்று தேடத் தேட விடிந்தது.

வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தில்
புள்ளிமான் ஒன்று யாரோ எறிந்த லஞ்ச் சீட்டை
மென்றுகொண்டு நின்றது.
ஜெஸீலா உம்மாவுக்கு மறுபடி இரத்தம் எடுத்தார்களாம்.
நரம்பு கிடைக்காமல் மூன்று குத்தாம்.
மணிக்கட்டுவரை நீலமாம்.
மரியதாசன்தான் சொன்னார்.
சொல்லிவிட்டு,
"இப்ப ஓடுதா உங்கட பஸ்?"

"நிக்குது அண்ணை.
நிக்க வேண்டிய இடத்தில நிக்கப் பழகுது."

முகத்தைக் கழுவிக்கொண்டு
முப்பத்தோராவதைத் தேட
உள்ளே போனேன்.