இடது காது

நாலே முக்காலுக்குத் தண்ணீர் மோட்டார் போடுகிறார்கள்.
ஏறக்குறைய ஐந்து கட்டையில் நிற்கும்.
என் சுருதிப்பெட்டி அதுதான்.
தொட்டி நிரம்பும்வரை எழுதலாம்.
வழிகிற ஓசை கேட்டால்
சௌந்தரி பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொள்வாள்,
நான் சப்பாத்திக்கு மாவு எடுப்பேன்.

எனக்குப் பாட வராது.
பள்ளிக்கூட இறைவணக்கத்தில்
நீ வாயசைத்தால் போதும் என்றார் எஸ்தர் டீச்சர்.
அன்றிலிருந்து
வாயை மட்டும் அசைப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஐந்து நாவல்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நோட்டின் ஓரத்தில்
அத்தியாயத்துக்கு ஒரு ராகம் குறிப்பது வழக்கம்.
ஏழு: முகாரி வேண்டாம், உடனே அழுதுவிடுவார்கள்.
சஹானா போட்டுப் பார்.
ஒன்பதுக்கு ‘மாடிப்பையன்’ என்று மட்டும் இருக்கிறது.
நாலாம் மாடி தேஷ்முக் வீட்டுப் பையன்
மூன்று மாதமாகத் தீன்தாலில்
பதிமூன்றாவது மாத்திரையில் தடுக்கி விழுகிறான்.
அவன் விழும் அதே இடத்தில்தான்
என் குமாஸ்தா பொன்னுரங்கம்
சௌந்தரியிடம் முதல் பொய்யைச் சொல்கிறார்.
இந்த வாக்கியம் ஏன் நொண்டுகிறது என்று கேட்டார் எடிட்டர்.
பையனுக்கு இன்னும் கை வரவில்லை
என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

டோம்பிவிலியில் எட்டு ஐந்து ஸ்லோ, பெண்கள் பெட்டி.
வயர் வைத்த பழைய ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.
அதில் எதுவும் ஓடாது.
பாட்டுக் கேட்கிறாள் என்று நம்பி
பக்கத்திலேயே எல்லாவற்றையும் பேசுவார்கள்:
வீட்டுக்கடன், கர்ப்பப்பை,
கொழுந்தன் மகள் கொண்டுபோன வளையல்.
திருட்டுதான். தெரிந்தே செய்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஷுபாங்கி தாயி கோஷ்டியின் பஜனை.
ஜால்ரா ஒரு ஜோடி,
மற்றதெல்லாம் டிபன் மூடி.
பட்டாணி உரிக்கிற விரல்கள் இரண்டாம் காலத்துக்குப் போகும்.
கல்வாவில் பாலத்தின் மேல் ஏறியதும்
சக்கரச் சத்தம் ஒரு படி இறங்கும்.
அவர்களும் இறங்கிப் பாடுவார்கள்,
யாரும் யாரையும் பார்க்காமல்.

பதினொன்று நகரவில்லை.
பொன்னுரங்கம் செத்துப்போனார்.
சௌந்தரி அழவும் மாட்டேன் என்கிறாள், பேசவும்.
ஐந்து ராகம் எழுதி
ஐந்தையும் அடித்திருந்தேன்.

கணபதி கரைத்த மறுநாள், கூட்டமில்லை.
தாயி கோஷ்டிக்கு மொத்தமாகத் தொண்டை கட்டியிருந்தது.
முலுண்டில் ஏறினாள், ஹேர்கிளிப் விற்கிற சகீனா.
வளையத்தில் கோத்த நூறு கிளிப்புகளோடு
என் காலடியில் உட்கார்ந்தாள்.
என்ன பாட்டுதான் தினமும் கேட்கிறாய் என்று இந்தியில் கேட்டு
பதிலுக்கு நிற்காமல்
என் இடது காதிலிருந்ததை உருவித்
தன் காதில் வைத்துக்கொண்டாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டேன்.
சொல்ல வாயெடுத்தேன். அவள் கையமர்த்தினாள்,
கச்சேரியில் பேசுகிறவளை அடக்குவதுபோல.

நாஹூர் போனது.
பாண்டுப் போனது.
எங்கள் நடுவில் ஒரு முழ வயர்.
அதற்குள் ஒன்றுமே இல்லை.
கண்ணை மூடியிருந்தாள்.
காஞ்சூரில் அவள் உதடுகள் அசையத் தொடங்கின.
சத்தமில்லை. ஆனால்
ஒரு வரி முடிந்து அடுத்தது எடுப்பது தெரிந்தது,
நடுவில் மூச்சு வாங்குவதும்
எங்கோ ஒரு சொல்லை மறந்து
தாண்டிப் போனதும்.

விக்ரோலியில் கழற்றிக் கொடுத்தாள்.
‘அச்சா ஹை,’ என்றாள்,
‘கொஞ்சம் ஸ்லோ.’
தெரிந்து சொன்னாளா என்று
அவள் முகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.
இருபது ரூபாய்க்கு இரண்டு கிளிப் வாங்கினேன்.
நான் முடியைக் கத்தரித்து ஆறு வருஷமாகிறது.

மறுநாள் நாலே முக்காலுக்கு
சௌந்தரி அவர் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.
உதட்டை அசைத்தாள்.
ஓரத்தில் ராகம் எதுவும் எழுதவில்லை.
தொட்டி வழிந்தது, யாரோ கத்தினார்கள்,
மோட்டார் நின்றது.
அடுத்த வரியை
அதற்குப் பிறகுதான் எழுதினேன்.