எண்ணைச் சொல்லுங்கள்

பதினோரு நிமிடம் டிராமை நிறுத்திவைத்தேன்,
மிடெல்கெர்க்கே நிறுத்தத்துக்குச் சற்று முன்னால்.
தண்டவாளத்தில் ஒரு கடற்காகம்.
அவ்வளவுதான்.
அறிக்கையில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினேன்.
மேலாளர் ஃப்ளோரிமொண்ட் கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு
கோளாறு எதில் என்று கேட்கவில்லை.
ஒரு முகவரி எழுதித் தந்தார்.

எப்போது தொடங்கியது என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
கதை எதுவும் இல்லை.
எதுவும் என்னைக் கொத்தவில்லை.
அந்த மஞ்சள் அலகு, அதன் நுனியில் சிவப்புப் பொட்டு,
கடன் கொடுத்தவன் பார்ப்பது போல் ஒரு பார்வை.
முப்பது வருடமாகக் கடலோரத்தில் வண்டி ஓட்டுகிறேன்,
ஜன்னலைத் திறந்ததில்லை.

கிளினிக்கில் ஒரு கறுப்புப் பெட்டியை
நீச்சல் கண்ணாடி மாதிரி முகத்தில் கட்டிவிட்டார்கள்.
உள்ளே கடற்கரை.
எங்கள் ஊஸ்டெண்ட் கடற்கரை இல்லை;
காற்றில்லாமல், மீன்வாடை இல்லாமல்,
விருந்தாளி வருமுன் துடைத்துவைத்தது போல் ஒன்று.
தூரத்தில் கடுகளவு வெள்ளை.
"பூஜ்யத்திலிருந்து நூறுக்குள்," என்றாள் லீசலாட்,
"இப்போது எவ்வளவு?"
தொண்ணூறு.
ஒரு கடுகுக்கா என்று அவள் கேட்கவில்லை.
அதற்காகவே அடுத்த வாரமும் போனேன்.

மூன்றாம் வாரம் கைப்பிடிச் சுவர் வரை வந்தது.
எண்பது.
கண்ணை மூடிக்கொண்டால் தெரிந்துவிடும் அவளுக்கு;
"திறங்கள், அங்கேயே இருங்கள், அதுவாக இறங்கும்" என்பாள்.
எது, பறவையா, எண்ணா?
வியர்வையில் பெட்டியின் விளிம்பு வழுக்கியது.
எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு. எழுபது.
காய்ச்சல் இறங்குவதைப்
பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல.

ஐந்தாம் வாரம் மேசைமேல் உட்கார்ந்தது.
உட்காரவும் தெரியவில்லை அதற்கு:
ஒரு கால் முட்டிவரை மரத்துக்குள் இறங்கிவிட்டது,
நிழல் சூரியனைப் பார்த்தே விழுந்தது.
அதன் முன்னால் ஒரு ரொட்டித் துண்டு,
மூன்று வாரமாக அதே துண்டு,
கொத்துகிறது, குறையவில்லை.
பாவம், யார் செய்தார்களோ இதை,
பசியை வைத்தார்கள், தொண்டையை வைக்க மறந்துவிட்டார்கள்.
சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே பயப்பட முடியாது என்று நினைத்திருந்தேன்.
முடிகிறது.

பிறகு நிஜக் கரைக்கு அழைத்துப் போனாள்,
கையில் சூடான வாஃபிளோடு.
நிஜப் பறவை எண்ணுக்குக் காத்திருக்கவில்லை.
காதருகே காற்று கிழிந்தது,
விரல்களில் சர்க்கரைத் தூள் மட்டும் மிச்சம்.
தொண்ணூற்றைந்து என்று கத்தினேன்.
லீசலாட்டின் வாஃபிளும் போயிருந்தது.
அவள் எண்ணை நான் கேட்டேன்.
"நாற்பது" என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

நேற்று மறுபடியும் அதே வளைவு.
தண்டவாளத்தில் ஒன்று, சாவகாசமாக.
மணி அடித்தேன். கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.
"எழுபது," என்றேன் கண்ணாடியைப் பார்த்து.
"அறுபத்தைந்து."
உள்ளங்கை நனைந்துதான் இருந்தது.
"ஐம்பது."
பின்னால் நின்றிருந்தவர், மடக்கு சைக்கிளோடு,
"ஐம்பது நிமிடமா தாமதம்?" என்றார் பதறிப்போய்.
"இல்லை, இப்போது நாற்பத்தைந்து" என்றேன்.

மணிக்கட்டு நடுங்க இன்னொரு முறை மணி.
சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்புகிற ஆள் போல
அது நடந்தே விலகியது.

மூன்று நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
'பறவை' என்று எழுதினேன்.