ஐம்பத்து மூன்று துண்டுகள்

ராதாபுரம் பக்கம் எடுத்த காட்சி.
உடைமரங்களுக்கு நடுவே
குதிரையில் போகிறான் ஒரு பாளையக்காரன்.
காலம், ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
அவனுக்குப் பின்னால்
பதினாறு காற்றாலைகள்
சாவகாசமாய்ச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பதினாறையும் நான்தான் அழித்தேன்.
ஒன்பது நாள்.
இறக்கை கடந்த இடத்தில் வானத்தை ஒட்டி,
தூண் நின்ற இடத்தில் புழுதியை ஒட்டி,
ஆடிக்காற்றில் புழுதி நிற்காதே,
ஒட்டியதையும் கூடவே நகர்த்தி.

ராத்திரி பதினொன்று பத்துக்கு
பண்ணைக்கு அனுப்ப உட்கார்ந்தேன்.
பண்ணை என்றால்
சமாதானபுரத்தில் டயர் கடை மாடி,
ஜன்னலுக்கு அட்டை அடித்த ஓர் அறை.
பன்னிரண்டு கணினிகள், ஒரு ஏசி,
ஏசிக்குக் கீழே ஒரு வாளி.
செங்கோட்டை பாசஞ்சர் போகிற வழியில்
பேட்டை தொடங்கி பாவூர்சத்திரம் வரை
ஸ்டேஷன் ஸ்டேஷனாய்
அவற்றுக்குப் பெயர் வைத்தவன் மீரான்.

எந்த ஃபிரேமிலிருந்து எந்த ஃபிரேம் வரை?
ஆயிரத்தொன்று முதல்
ஆயிரத்து நானூற்று இருபத்து நான்கு.
துண்டுக்கு எத்தனை?
எட்டு.
முன்னுரிமை?
எழுபது. தூத்துக்குடி நகைக்கடை விளம்பரம்
ஐம்பதில் கிடக்கிறது, கிடக்கட்டும்.
கோப்பு ஏதாவது கிடைக்காவிட்டால்
நிறுத்தவா, தொடரவா?
கொட்டாவி விட்டபடி
தொடர் என்று டிக் அடித்தேன்.

பச்சைக் கோடுகள் ஊர ஆரம்பித்தன.
காருகுறிச்சிதான் முதலில் முடித்தது,
அது எப்போதும் அப்படித்தான்.
மேட்டூருக்கு மூச்சு வாங்கியது.
ஒன்று நாற்பதுக்குக் கரண்டு போய்
ஒன்று நாற்பத்திரண்டுக்கு வந்தது.
யூபிஎஸ் எல்லோரையும் தாங்கிக்கொண்டது,
ஒருத்தரைத் தவிர.
நான் அதைப் பார்க்கவில்லை.
இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு
தூங்கிப்போயிருந்தேன்.

விடிகாலை ஐந்தரை.
ஐம்பத்து மூன்றும் பச்சை.
பிழை என்று ஒரு வரி கூட இல்லை.
முடிந்ததும் சென்னைக்குத் தானாகவே
போகும்படி வைத்திருந்தேன், போயிருந்தது.
ஓட்டிப் பார்த்தேன்.
குதிரை வருகிறது, புழுதி எழும்புகிறது,
வெறும் வானம், நான் செய்த வானம்,
சட்டென்று
பதினாறு காற்றாலைகள்.
நொடியில் மூன்றில் ஒரு பங்கு.
போயிற்று.
பாளையக்காரன் பாட்டுக்குப் போகிறான்.
மறுபடி பதினாறும்,
வீட்டில் ஆள் இருக்கிறதா என்று
யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுபோல.
இப்படி ஐந்து இடத்தில்.

ஐந்தும் ரவணசமுத்திரம் செய்த துண்டுகள்.
கரண்டு வந்து கண்விழித்தபோது
ஒட்டெல்லாம் இருந்த டிரைவை
அது மறந்துவிட்டிருந்தது.
எங்கே என்று கேட்டிருக்கும்.
கேட்காதே என்று டிக் அடித்தது நான்.
இருந்ததை வைத்துச் செய்தது.
இருந்தது காற்றாலை.

மீரான் பிரஷ்ஷும் வாயுமாய் வந்து பார்த்தான்.
"பன்னெண்டுல உள்ளதச் சொன்னது
இது ஒண்ணுதாம்லா" என்றான்.
நுரையைத் துப்பிவிட்டு வந்து,
"சவம், நமக்கு வந்த கரண்டும்
அங்கன இருந்துதான் வந்திருக்கும்" என்றான்.

ஆறு மணிக்கு ஸ்ரீவத்சன் சார் போன்.
காரில் போய்க்கொண்டே
கைப்பேசியில் பார்த்தாராம்.
குதிரைக்கு நிழல் பத்தாது என்றார்.
"மற்றதெல்லாம்?" என்று கேட்டேன்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
"பிரமாதம். வானம் ரொம்பச் சுத்தம்."

ஒன்பது நாள்.
யாருக்காக என்று
வாளித் தண்ணீரைக் கொட்டும்போது
கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு நிழலைக் கறுப்பாக்கினேன்.
மறுபடியும் ஐம்பத்து மூன்று.
கோப்பு கிடைக்காவிட்டால்?
நிறுத்து.
கணினிப் பட்டியலில்
ஒன்பதாவது பெயருக்கு நேரே இருந்த
டிக்கை எடுத்தேன்.
இந்தத் தடவை வண்டி
ரவணசமுத்திரத்தில் நிற்காது.