ரசமட்டம்

செவ்வாய், விடியல் நாலரை.
அலாரத்தை அணைக்க இடப்பக்கம் புரண்டேன்.
வினிபெக் நகரமே ராட்டினமாகிக்
கட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

நான் அசையவில்லை. சத்தியமாக.
மெத்தை ஓரத்தை இரு கையாலும் பிடித்திருந்தேன்.
கூரை விளக்கு ஓடியது, வெடுக்கென்று திரும்பியது,
மறுபடி முதலிலிருந்து ஓடியது.
அரை நிமிடம்தான். பிறகு எல்லாம் அதனதன் இடத்தில்,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.

தரை பதிப்பது என் பிழைப்பு. பத்தொன்பது வருடம்.
மரமோ ஓடோ, நூல் பிசகாது.
“குணாளனுக்கு ரசமட்டம் எதற்கு, பாதம் போதுமே”
என்பான் ஃபோர்மேன் டேரில்.
அவனிடம் சொல்லவில்லை.

இயன்முறை சிகிச்சைக்கு ஒக்ஸானா.
என் தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு
கண்ணையே பார்த்திருந்தாள்.
துடித்ததாம். அதுதான் சாட்சியாம்.

காதுக்குள் மூன்று வளையக் குழாய்கள்,
அவற்றில் கொஞ்சம் நீர்.
பக்கத்து அறையில் பசையில் ஒட்டிய சுண்ணாம்புத் துகள்கள்.
சில கழன்று
குழாய்க்குள் வழிதவறிவிட்டன.
தலை நின்ற பிறகும் அவை உருள்கின்றன,
நீர் நகர்கிறது,
‘சுற்றுகிறாய்’ என்று மூளைக்குத் தந்தி போகிறது.
‘இல்லவே இல்லை’ என்கிறது முதுகு.
இருவர் சண்டையில்
அடி வாங்குவது வயிறு.

ஊரார் என் காதில் பூச்சுற்றியதுண்டு.
காதே எனக்குச் சுற்றும் என்று
யார் கண்டது?

இடம், வலம், ஒருக்களித்து, எழுந்து உட்கார்.
பூட்டின் எண்களைத் திருப்புவதுபோல்
தலையைத் திருப்பினாள்.
துகள் அறைக்குத் திரும்பிவிட்டது என்றாள்.
இன்று தலையை அதிகம் ஆட்டாதீர்கள்.

நம்பிக்கை வரவில்லை.
வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தரையில்
நாலடி ரசமட்டத்தை வைத்து அதன் மேல் குனியாமல்
கண்ணை மட்டும் தாழ்த்தினேன்.

குமிழி கிழக்கே ஓடியது.
கருவியின் பிழையோ? முனை மாற்றி வைத்தேன்.
மறுபடி கிழக்கே.

வீடுதான்.
பதினொரு வருடமாக இந்த ஊர்க் களிமண்
மழைக்கு உப்பி, வறட்சிக்குச் சுருங்கி
மேற்கு மூலையை மெல்ல இறக்கியிருக்கிறது.
நாலடிக்குக் கால் அங்குலம்.
என் புகழ்பெற்ற பாதம்
தினமும் அதில் நின்று காப்பி குடித்திருக்கிறது.
சிந்திய பட்டாணியெல்லாம்
அடுப்புக்கடியிலேயே போய்ச் சேர்ந்ததை
ஒருவரும் விசாரிக்கவில்லை.

கோதை வாசலில் பூட்ஸைக் கழற்றியபடி கேட்டாள்:
“இப்ப நேராயிடுச்சா?”

எது என்று கேட்கவில்லை.
தலையசைக்கப் பயந்து
‘ம்’ என்றேன்.